கடத்தூரிலிருந்து காஸ்திலியோனே வரை

மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தின் எங்கள் கடத்தூர்ப் பகுதியில் புளியமரங்களைச் சுற்றியே ஊரின் நடமாட்டம் இருக்கும். மரமேறி உலுக்குவோர் ஒருபுறம். திண்ணையில் அமர்ந்து ஓடு நீக்கிக் கொட்டை எடுக்கும் பெண்கள் மறுபுறம். பள்ளிப் பிள்ளைகளுக்கோ அது தேர்வுக் காலம். விடுமுறை என்ற சொல்லையே அப்பொழுது வீட்டில் உச்சரிக்கலாகாது. ஐரோப்பிய நாடுகளின் நிலைமை வேறு. ஜெர்மனிப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவத்து வகுப்புகள் பிப்ரவரியில் முடிந்துவிடுகின்றன. கோடைப் பருவத்து வகுப்புகள் ஏப்ரலில்தான் தொடங்குகின்றன. தேர்வுகளை எழுதி முடித்த மாணவர்கள் இடைப்பட்ட வாரங்களில் முதுகில் ஒரு மூட்டையுடன் நாடு நாடாகச் சுற்றுகிறார்கள். அத்தகைய ஒரு வசந்தகால விடுமுறையில், 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், எங்கள் மகளுடனும் அவளுடைய தோழியர் இருவருடனும் பதினேழு நாள் சுற்றி வந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்களில் ஒருவர் கணக்கும் மற்றவர் தமிழும் கற்பித்தோம். எங்களோடு அக்காவும் வந்தார்கள். கணவரை இழந்தபின் எங்கள் மகளைத் தம் மகளாகவே வளர்த்தவர்கள். மகள் ஜெர்மனியின் ஆகன் நகரில் நீர்ச் சுத்திகரிப்புப் பொறியியல் பயில்கிறாள். அவள் அதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் ஊர்த் தண்ணீரே. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு உப்பு மிகுந்துள்ளதை வாசகர்கள் அறிவார்கள். அதனைக் குழந்தைப் பருவத்திலிருந்து குடித்தவர்களின் பற்களில் பழுப்பு நிறக் கறை ஏறும். முதுமையில் மூட்டுகள் விறைத்து நடை தளரும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேறி 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இக்குறையைப் போக்குவதற்காகவே வந்தது. ஆயினும் வறண்ட மாதங்களில் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நாடாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. அக்காவின் பற்களில் அந்தக் கறை உண்டு. முழங்கால் வலியும் உண்டு.

புறப்படும்போது மகள் கேட்டுக்கொண்ட பொருள் முறுக்கோ ஊறுகாயோ அன்று. “நம்ம கிணத்துத் தண்ணி ரெண்டு பாட்டில் வேணும்ப்பா. நல்லா மூடி, என்னிக்கு எடுத்ததுன்னு எழுதி ஒட்டிக் கொண்டாங்க” என்றாள். ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதற்காம். முறுக்கையும் சேர்த்தே கட்டினோம்.

பயண ஏற்பாடு பற்றிச் சில சொற்கள், பின்னால் செல்லவிருப்போருக்கு உதவக்கூடும். ஷெங்கன் நுழைவிசைவு ஒன்று பெற்றால் 29 நாடுகளில் சுற்றலாம். எந்நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்நாட்டிற்கே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் தலைக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். தொடர்வண்டிகளுக்கு எங்களைப் போன்று வெளியிலிருந்து செல்வோர் ‘யூரெயில்’ சீட்டு வாங்கலாம். அங்கேயே வசிக்கும் எங்கள் மகளுக்கோ ‘இண்டர்ரெயில்’ என்ற வேறு சீட்டு. பிரெஞ்சு நாட்டின் அதிவேக வண்டிகளில் இச்சீட்டு இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டென்பதை முன்னரே அறிந்து வைத்துக்கொள்வது நலம். இல்லையேல் நிலையத்தில் நின்றுகொண்டு பணப்பையைத் துழாவ நேரிடும்.

மார்ச்சு 7ஆம் நாள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஆகன் சேர்ந்தோம். பேரரசன் சார்லமேனின் கல்லறையுள்ள பேராலயம் அங்குள்ளது. 1978ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதற்பட்டியலிலேயே இடம்பெற்றது. மகளின் அறையைக் கண்டோம். எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பாதி இருக்கும். சமையலறையை எட்டு மாணவர்கள் பங்கிட்டுக் கொள்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லையென்று கேட்டு மகிழ்கிறோம். ஆனால் ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை, அதாவது ஏறத்தாழப் பதினோரு இலட்சம் ரூபாயை, முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்டினாலன்றி மாணவ விசா கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் அப்பணம் வங்கிக் கடனாகவே வந்தது. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் அந்நாட்டில் தங்கலாம் என்பது சட்டம். அந்தப் பதினெட்டு மாதம் எங்கள் வீட்டில் ஓராண்டாகவே பேசப்படாத பேச்சாக இருந்தது. அவள் தங்குவாளா, திரும்புவாளா என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கொலோன் பேராலயத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. 1248ஆம் ஆண்டு தொடங்கிய கட்டடம் 1880ஆம் ஆண்டுதான் நிறைவெய்தியது. 157 மீட்டர் உயரக் கோபுரத்தின் 533 படிகளைப் பிள்ளைகள் ஏறினார்கள். நாங்கள் கீழே அமர்ந்து, மூவரசர்களின் திருப்பண்டம் உள்ள பொற்பேழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தோழியருள் ஒருத்தி யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியிலேயே பிறந்தவள். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் கெவெலார் என்னும் மாதா திருத்தலத்தில் ஈழத் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடித் தமிழில் திருப்பலி காண்பதை அவள் விவரித்தபோது, அந்நாடு எங்களுக்குச் சற்றே அருகில் வந்தது போலிருந்தது. அவள் பேசிய தமிழில் எங்களுக்குத் தெரியாத சொற்கள் இருந்தன. எங்கள் தமிழைக் கேட்டு அவள் சிரித்ததும் உண்டு.

பாரிஸ் நகரில் மார்ச்சு 14ஆம் நாள், தபசு கால வெள்ளிக்கிழமை. 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் கூரை இழந்த நோத்ருதாம் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதல்லவா! கூரைச் சட்டத்திற்கும் கோபுர முனைக்கும் ஏறத்தாழ 2,000 கருவாலி மரங்கள் வெட்டப்பட்டன என்கிறார்கள். கழுவித் துடைத்த சுவர்கள் புதுவீட்டைப் போல் வெளுத்திருந்தன. இத்தனை வெளிச்சம் ஒரு பழைய கோயிலுக்கு வேண்டுமா என்று எங்களுக்குத் தோன்றியது. தபசு கால வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவரின் முள்முடி மக்களின் வணக்கத்திற்கு வைக்கப்படுகிறது. வரிசை நீளமாயினும் ஒழுங்காக நகர்ந்தது.

ஆனால் பாரிசில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது நோத்ருதாம் அன்று. பாக் தெருவின் 128ஆம் எண்ணுள்ள இல்லம். சுற்றுலாக் கையேடுகள் அதே தெருவின் 140ஆம் எண்ணைச் சொல்லும். அற்புதப் பதக்கக் கன்னிமாதா காட்சியளித்த சிற்றாலயம் அங்குள்ளது, எந்நேரமும் கூட்டம். 128இல் கூட்டமில்லை. அதுவே பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் தாயில்லம். 1930ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரான புருனியே ஆண்டகை இச்சபையினரே. அந்தச் சேலத்திலிருந்துதான் 1997ஆம் ஆண்டு நம் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. நம் பகுதியின் பழைய கோயில்களில் நம் பாட்டன் பாட்டியருக்கு ஞானஸ்நானம் கொடுத்த வெண்தாடிச் சுவாமியார்கள் பலர் இவ்வீட்டு வாசலைக் கடந்து வந்தவர்களே.

அங்கு ஓர் ஓவியம் உள்ளது. சார்லஸ் தெ குபெர்த்தென் 1868ஆம் ஆண்டு தீட்டியது. இவர் மகனே பின்னாளில் ஒலிம்பிக் விளையாட்டுகளை மீண்டும் தொடங்கியவர். புறப்படவிருக்கும் இளங்குருக்கள் பீடத்தின் முன் வரிசையாக நிற்கிறார்கள். உற்றார், நண்பர், மூத்தவர் யாவரும் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து அவர்கள் பாதங்களை முத்தமிடுகிறார்கள். அச்சபையின் வழியனுப்பும் சடங்கு அது. அக்காலத்தில் புறப்பட்டவர் திரும்புவதில்லை என்பது பொது விதி. கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு கல்லறை என்பது எல்லார்க்கும் தெரிந்தே அந்த முத்தம் இடப்பட்டது. விதிவிலக்கும் உண்டு. 1792ஆம் ஆண்டு இந்தியா வந்து, மைசூர்ப் பகுதியில் நம்மவர் உடையுடுத்தி நெடுங்காலம் உழைத்த துய்புவா சுவாமியார் 1823இல் பிரான்சு திரும்பி, இவ்வில்லத்திலேயே 1848இல் காலமானார். அக்கா அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்கள். “இதுல அம்மாக்காரி யாரு?” என்று மட்டும் கேட்டார்கள். எங்களால் காட்ட முடியவில்லை.

மாலையில் லா ஷப்பேல் பகுதிக்குச் சென்றோம். வடக்கு இரயில் நிலையத்தின் பக்கத்தில் தெருவெங்கும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். இட்டிலி, புட்டு, முருங்கைக்காய், நகைக்கடை, திருமண அழைப்பிதழ் அச்சகம் வரை. ஞாயிறுதோறும் வெற்றிலைச் சந்தை கூடும் ஊர்க்காரர்களாகிய நாங்கள் ஒரு கடையில் வெற்றிலையைக் கண்டுவிட்டோம். வாடி, ஓரம் கறுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. விலையைக் கேட்ட அக்கா அதைத் திரும்ப வைத்துவிட்டு, “நம்மூருல ஆட்டுக்குப் போடுவோம்” என்றார்கள். கடைக்காரர் சிரித்து ஒரு இலையை இலவசமாகவே கொடுத்தார்.

லூர்து நகருக்குப் பாரிசிலிருந்து அதிவேக வண்டியில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கடத்தூர்க்காரர்களுக்கு லூர்து மாதா அயலார் அல்லர். பொம்மிடியை அடுத்த பி.பள்ளிப்பட்டியில் அன்னையின் திருத்தலம் இருக்கிறது. கெபி என்றாலே எங்கள் மனக்கண்ணில் தோன்றுவது அங்குள்ள பாறையும் வெயிலும்தான். உண்மையான கெபியோ மழையில் நனைந்துகொண்டிருந்தது. மார்ச்சு மாதம் அங்கு திருயாத்திரைக் காலம் அன்று. தீவட்டி ஏந்தி ஜெபமாலை சொல்லும் இரவுப் பவனி ஏப்ரல் முதல் அக்டோபர் வரையில்தான் நாள்தோறும் நடக்கும். பாதி விடுதிகள் கதவடைத்திருந்தன. பதினான்காயிரம் பேர்கூட இல்லாத அவ்வூரில், பாரிசுக்கு அடுத்தபடியாகப் பிரான்சிலேயே அதிக விடுதிகள் உண்டெனச் சொல்கிறார்கள். காலமல்லாக் காலத்தில் வந்தது எங்களுக்கு நல்லதாயிற்று. ஆற்றின் ஓசை கேட்டது.

1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை மரியன்னையைக் கண்ட பெர்னதெத், அப்போது பதினான்கு வயதுச் சிறுமி. கெபியைவிட எங்களை உருக்கியது ‘கஷோ’ எனப்படும் அவள் குடியிருந்த அறை. அது பழைய சிறைக்கூடம். சிறைக்கும் உதவாதென்று கைவிடப்பட்டது. தந்தை மாவரைக்கும் ஆலைக்காரர். ஆலை கைவிட்டுப் போக, தாய் தந்தையும் நான்கு பிள்ளைகளும் இந்த ஒற்றை அறையில் முடங்கினார்கள். மாவு திருடினார் என்ற ஐயத்தின்பேரில் தந்தை சில நாள் காவலில் இருந்ததும் உண்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. தொழில் நொடித்த குடும்பம் ஊரில் எப்படிப் பார்க்கப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அச்சிறுமிக்குப் பிரெஞ்சு மொழியும் சரிவரத் தெரியாது. கெபியிலுள்ள சுரூபத்தின் அடியில் பொறித்துள்ள அன்னையின் வார்த்தை பிரெஞ்சில் இல்லை. அவ்வூர்ப் பாமரர் பேசிய வட்டார மொழியில் இருக்கிறது. பெர்னதெத் கேட்டது அப்படியே. எங்களில் தமிழாசிரியையாக இருந்தவருக்கு இச்செய்தி பெரும் மகிழ்ச்சி அளித்தது. அந்த மூன்று நாளும் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று: 1864இல் நிறுவிய அந்தப் பளிங்குச் சுரூபம் பெர்னதெத்துக்குப் பிடிக்கவில்லை. தான் கண்ட அழகு அதில் இல்லையென்று சொல்லிவிட்டாளாம்.

பிப்ரவரி 25 அன்று அவள் கையால் மண்ணைத் தோண்டி வெளிப்பட்ட ஊற்று இன்றும் ஓடுகிறது. குழாய்களில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். முன்போல் எல்லாரையும் தொட்டியில் முழுக்காட்டும் வழக்கம் பெருந்தொற்றுக்குப்பின் மாறி, ஊழியர் ஊற்றும் நீரில் கைகழுவி, முகம் நனைத்து, ஒரு வாய் குடிக்கும் முறை வந்துள்ளது. திருச்சபை ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட புதுமைகள் இன்றுவரை 72. ஆயிரக்கணக்கானோர் குணம் பெற்றதாகச் சொன்னபோதும் எண்ணிக்கை இவ்வளவே. மருத்துவர் குழு அவ்வளவு கண்டிப்பு.

மகள் குழாயடியில் நின்று ஒரு செய்தி சொன்னாள். 1858ஆம் ஆண்டிலேயே துலூஸ் நகரத்துப் பேராசிரியர் ஃபிலோல் இந்நீரைச் சோதித்து, இதில் மருந்துக் குணமுள்ள உப்பு எதுவுமில்லை, சாதாரண நல்ல குடிநீரே என்று அறிக்கை கொடுத்தாராம். இதைக் கேட்டால் அக்கா வருந்துவார்களோ என்று நாங்கள் தயங்கினோம். அக்காவோ, “வெறும் நல்ல தண்ணியா? நம்மூருல அதுவே புதுமைதான் பாப்பா” என்றார்கள். மகளுக்குச் சிரிப்பு வந்தது. பின்பு முகம் மாறிவிட்டது. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடை நீக்கும் எளிய முறையை நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்து, ‘நல்கொண்டா முறை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஊக்குவித்த அலுமினா வழியாக வடிகட்டும் முறையும் உண்டு. முறைகளுக்குக் குறைவில்லை, அமைத்த வடிகட்டியை ஐந்தாண்டு கழித்தும் பராமரிக்க ஊரில் ஆளில்லாததே குறை என்று அன்றிரவு எங்களுக்கு விளக்கினாள். விடுதியின் மேசைத்துணியில் விரலால் கோடு போட்டுப் போட்டு விளக்கினாள். அக்கா இரண்டு புட்டிகளில் ஊற்றுநீர் நிரப்பி, கெபியின் முன் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் அங்கு ஏன் அவ்வளவு நேரம் முழந்தாளிட்டார்கள், என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

லூர்திலிருந்து துலூஸ், மார்செய்; மறுநாள் மத்தியதரைக் கடலோரமாக நீஸ் வழியாக இத்தாலியின் எல்லை; பிறகு மிலான். கடல் ஒருபுறமும் எலுமிச்சைத் தோட்டம் மறுபுறமுமாக வந்த அவ்வழியில் நாங்கள் பெரும்பாலும் உறங்கினோம்.

மார்ச்சு 19, புனித சூசையப்பர் திருநாள். அன்று எங்கிருக்க வேண்டுமென்பதை எங்கள் தமிழாசிரியை கடத்தூரிலிருந்தே தீர்மானித்து வைத்திருந்தார். ‘காஸ்திக்கிளியோன் என்னும் ஊரில் பிறந்தார்’ என்று முப்பதாண்டு காலம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஊர். வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே. மிலானிலிருந்து ஒரு மணி நேரத்தில் கார்தா ஏரிக்கரையின் தெசென்சானோ நிலையம். அங்கிருந்து பேருந்தில் தெற்கே சிறிது தொலைவு. தாழ்ந்த குன்றுகள், திராட்சைத் தோட்டங்கள், ஓட்டுக் கூரைகள். பெரிய ஊரன்று, அழகைப் பறைசாற்றும் ஊருமன்று. எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவர் இருவர். ஒருவர் புனித ஞானப்பிரகாசியார். 1568இல் அவ்வூர்ப் பிரபுவின் தலைமகனாகப் பிறந்து, பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துச் சேசு சபையில் சேர்ந்து, உரோமையில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிசெய்து 23ஆம் வயதில் மாண்டவர். அவருடைய சிரசு இவ்வூர்ப் பேராலயத்தில் உள்ளது, உடல் உரோமையில். மற்றொருவர் அவ்வூரில் பிறவாதவர்: ஹென்றி துனாந்து. 1859 ஜூன் 24 அன்று அருகிலுள்ள சோல்ஃபெரினோவில் நடந்த பெரும்போரில் காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் வண்டி வண்டியாக இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கோயிலும் வீடும் தெருவும் நிறைந்தன. பகைவன், நண்பன் என்று பாராமல் எல்லாரும் சகோதரரே என்று சொல்லி இவ்வூர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்துக் காயம் கட்டியதைக் கண்ட துனாந்து, 1862இல் அதை நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே செஞ்சிலுவைச் சங்கத்திற்கு வித்திடப்பட்டது. 1901இல் முதலாவது அமைதி நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. செஞ்சிலுவை அருங்காட்சியகம் ஒன்று அங்குள்ளது. பழைய தூக்குக் கட்டில்களையும் அறுவைக் கருவிகளையும் அங்கு பார்க்கலாம்.

மூன்றாமவரைத் தேடி வந்தவர்கள் நாங்கள் மட்டுமே. கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி, 1680 நவம்பர் 8 அன்று பிறந்தவர். 1698இல் சேசு சபை புகுந்து, 1710இல் கோவா வந்திறங்கி, 1747இல் மாளும்வரை ஊர் திரும்பாதவர். சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 விருத்தங்களில் தேம்பாவணி பாடியவர். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்துச் சதுரகராதி தொகுத்தவர். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வரிவடிவில் வேற்றுமை செய்தவர். நாம் இன்று எழுதும் ஒவ்வொரு ‘ஏ’யிலும் ‘ஓ’விலும் அவர் கை இருக்கிறது. அவர் பெயரைச் சொன்னபோது ரொட்டிக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. அன்று அந்நாட்டில் தந்தையர் தினமுமாதலால், சூசையப்பர் திருநாள் பலகாரம் வாங்குவோர் கூட்டத்தில் அவர் திணறிக்கொண்டிருந்தார்; குறை சொல்வதற்கில்லை.

பேராலயத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த முதியவரிடமும் அவர் மனைவியிடமும் கைப்பேசியில் சென்னைக் கடற்கரைச் சிலையின் படத்தைக் காட்டினோம். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது எழுந்த சிலை. தலைப்பாகையும் அங்கியும் தாடியுமாக நிற்பவர் தம் ஊர்க்காரர் என்பதை அவர்கள் நம்பவே சற்று நேரம் பிடித்தது. மகளின் மற்றொரு தோழி சிறிது இத்தாலிய மொழி அறிந்தவள். அவளே இடையில் நின்று பேசினாள். தேம்பாவணியின் தலைவர் யாரென்று சொன்னதும் அம்மூதாட்டி பீடத்தின் பூச்சாடியிலிருந்து ஒரு லீலி மலரை எடுத்து எங்கள் தமிழாசிரியையின் கையில் கொடுத்தார். அவர் ஓர் ஓரமாகச் சென்று, தமக்கு மனப்பாடமான இரண்டு விருத்தங்களை மெல்லிய குரலில் சொன்னார். அவ்வூர்ச் சுவர்கள் அப்பாடலை எப்போதேனும் கேட்டிருக்குமோ என்று எண்ணினோம்.

அதன்பின் அம்மூதாட்டி ஒன்று கேட்டார். அவர் திரும்பி வந்தாரா?

இல்லை.

அவருடைய அம்மா?

தோழி அதை மொழிபெயர்த்தாள். எங்களுக்குத் தெரிந்த எந்தத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் அக்கேள்விக்கு விடையில்லை. நாங்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா எங்கள் மகளைப் பார்த்தார்கள்.

அன்று மாலை தெசென்சானோ ஏரிக்கரையில் அமர்ந்து பேசாத பேச்சைப் பேசினோம். மகளே தொடங்கினாள். “ரெண்டு வருஷம் இங்க வேலை பாத்தாத்தான்ப்பா கடன் அடையும். அங்க வந்தா மாசச் சம்பளத்துல வட்டி கட்டவே சரியாயிடும்.” கணக்காசிரியராக இருந்தவர் ஒரு சீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார், அவள் சொன்னது சரியே. “அதுக்கப்புறம்?” என்று தாய் கேட்டார். அதற்கப்புறம் என்பதைப் பற்றி அவளுக்கும் உறுதி இல்லை. இல்லாததை இருப்பதாகவும் அவள் சொல்லவில்லை. ஒரு நல்ல ஆய்வுக்கூடம், சரியான கருவி, கேட்டால் பதில் தரும் பேராசிரியர் — இவற்றை விட்டுவிட்டு வந்து பொம்மிடியில் என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எங்களிடம் நியாயமான விடை இல்லை. அக்கா மட்டும், “வரலைன்னாலும் சொல்லிடு பாப்பா. எதிர்பாத்துக்கிட்டே இருக்க முடியாது” என்றார்கள். நீர்வாத்துகள் கரையேறி வந்து, நாங்கள் கொண்டுவந்த முறுக்கின் கடைசித் துண்டுகளைத் தின்றன.

உரோமையில் மூன்று நாட்கள். ஜூபிலி ஆண்டாகையால் புனித இராயப்பர் பேராலயத்தின் திருக்கதவு வழியாக நுழையும் பேறு கிடைத்தது. தத்துவ போதகர் என நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி 1577இல் பிறந்த நகரம் அது. மதுரையில் தொடங்கி, சேலம், சேந்தமங்கலம் வரை நடந்து வந்தவர். புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் ஞானப்பிரகாசியாரின் கல்லறையையும் கண்டு, காஸ்திலியோனேயில் பாதியாய் விட்ட வணக்கத்தை முடித்தோம். பாப்பரசர் பிரான்சிஸ் அப்போது ஜெமெல்லி மருத்துவமனையில் இருந்தார். பிப்ரவரி 24 முதல் இராயப்பர் சதுக்கத்தில் அவருக்காக மக்கள் கூடி ஜெபமாலை சொல்லி வந்தார்கள். மார்ச்சு 23, ஞாயிறு நண்பகலில், 38 நாளுக்குப்பின் வீடு திரும்புமுன், மருத்துவமனையின் மாடத்தில் சில நிமிடம் தோன்றினார். நாங்கள் கீழே கூட்டத்தில் நின்றோம். குரல் எழவில்லை. எழுந்த சில வார்த்தைகளில் ஒன்று, கூட்டத்தில் மஞ்சள் பூக்களோடு நின்ற ஒரு பெண்மணியைக் கண்டுகொண்டு பாராட்டியதாகும். அவ்வளவு பலவீனத்திலும் பூவைப் பார்த்தாரே என்று அக்கா வியந்தார்கள். ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, அவர் ஆண்டவரடி சேர்ந்த செய்தி வந்தபோது நாங்கள் கடத்தூரில் இருந்தோம்.

அன்று மாலையே பிள்ளைகள் மூவரும் ம்யூனிக் செல்லும் இரவு வண்டியில் ஏறினார்கள். மறுநாள் நாங்கள் விமானம் ஏறினோம். ஊற்றுநீர்ப் புட்டிகளைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள். பெட்டிக்குள் துணி சுற்றி வைத்துக் கொண்டுவந்தோம்.

ஒரு புட்டியைப் பள்ளிப்பட்டிக் கோயிலுக்குக் கொடுத்தோம். மற்றொன்றை உறவினர் வீடுகளுக்குச் சிறிது சிறிதாக அக்கா பங்கிட்டார்கள். மே மாதத்தில் ஆகனிலிருந்து எங்கள் கிணற்று நீரின் சோதனை முடிவு வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. எங்கள் கிணற்றில் அதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். கடிதத்தின் அடியில் மகள் எழுதியிருந்தாள்: பேராசிரியர் இதையே பட்ட ஆய்வுக்குத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், ஒரு கிணறு போதாது, நாற்பது கிணறாவது வேண்டும், டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்கு வருகிறேன், எந்தெந்த வீட்டுக் கிணறு என்று அத்தை ஒரு பட்டியல் போட்டு வைக்கட்டும்.

அக்கா பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். இதுவரை ஐம்பத்து மூன்று கிணறுகள் ஆகியிருக்கின்றன.